தூசி என்று சொன்னவள்

அலுவலகத்தில் அவளுக்குத் தூசி என்று பெயர். யார் வைத்தது என்று யாருக்கும் நினைவில்லை, அவளுக்கும் அதில் வருத்தமில்லை. பதினெட்டு வருடமாகப் பார்க்கிற வேலை அப்படி. பூமிக்கு மேலே, காற்றும் மேகமும் தொல்லை செய்யாத உயரத்தில் இருக்கிற தொலைநோக்கி அனுப்பும் படங்களில் ஒட்டிக்கொண்டிருக்கும் பொய்ப் புள்ளிகளைத் துடைக்க வேண்டும். துடைத்து, நிறம் ஏற்றி, கீழே நாலு வரி எளிமையாக எழுதி, ஊர் உலகம் பார்க்கும்படி வெளியே விட வேண்டும். வானத்துக்கு ஒட்டடை அடிக்கிறவள் என்று கூட வேலை செய்கிறவர்கள் கேலி பேசுவார்கள். "அடிக்கிறேன், கீழே நிக்கிறவங்க கண்ணை மூடிக்குங்க" என்பாள்.

நாம் பார்த்து வாய் பிளக்கிற வண்ணப் படம் மேலேயிருந்து அப்படியே வருவதில்லை. வருவது கறுப்பு வெள்ளை. அதில் எது நட்சத்திரம், எது குப்பை என்று பெற்ற தாய்க்கும் தெரியாது. விண்வெளியில் தறிகெட்டுப் பறக்கிற துகள்கள் கேமராவுக்குள் வந்து மோதும். மோதிய இடத்தில் ஒரு வெள்ளைப் புள்ளி விழும், பார்த்தால் அசல் நட்சத்திரம். அதனால் ஒரே இடத்தை நாலு தடவை எடுப்பார்கள். நட்சத்திரம் என்றால் நாலிலும் அதே இடத்தில் நிற்கும். துகள் போட்ட புள்ளி ஒன்றில் இருக்கும், மற்ற மூன்றில் இருக்காது. ஒன்றில் மட்டும் இருந்தால் துடை, அவ்வளவுதான் சாத்திரம். பெரும்பாலும் கணிப்பொறியே துடைத்துவிடும். அதன் கண்ணுக்குத் தப்பியதை இவள் உட்கார்ந்து கையால் துடைப்பாள்.

மாதத்தின் முதல் சனிக்கிழமை காலை, தரைத்தளக் கூடத்தில் பொதுமக்களுக்குப் படம் காட்டுவார்கள். சுவரளவு திரை, நூற்றிருபது நாற்காலி. விஞ்ஞானிகள் பேசினால் பத்தே நிமிடத்தில் பாதிப் பேர் கைபேசியைக் கையில் எடுத்துவிடுவார்கள். தூசி பேசினால் எடுக்க மாட்டார்கள். பேருந்து ஓட்டுகிறவர், பல் டாக்டர், மாமியாரோடு சண்டை போட்டுவிட்டு வேறு போக்கிடம் இல்லாமல் வந்து உட்கார்ந்தவள் என்று எல்லோருக்கும் புரிகிற மாதிரி பேசுவாள். மாதம் தவறாமல் யாராவது எழுந்து, "இது நிஜக் கலரா?" என்பார். "உங்க கல்யாண ஆல்பம் நிஜக் கலரா?" என்று திருப்பிக் கேட்பாள். கூடம் சிரிக்கும். பிறகு, கண்ணுக்குத் தெரியாத ஒளியைத் தெரிகிற நிறமாக மாற்றுவது எப்படி என்று பொறுமையாகச் சொல்லிக் கொடுப்பாள். பார்த்த மாத்திரத்தில் குப்பையை இனம் காணத் தெரியும் என்பதில் அவளுக்கு ரொம்பப் பெருமை. பெருமைப்பட வேண்டியதுதான், நான் இல்லை என்று சொல்லவில்லை. அந்தப் பெருமையைச் சொந்த அக்காவிடம் காட்டியிருக்க வேண்டாம்.

அக்கா இவளுக்கு ஆறு வயது மூத்தவள். அம்மா போனபோது இவளுக்குப் பதினொரு வயது. அன்றிலிருந்து அக்காதான் எல்லாம். சலவைக்கடையில் இஸ்திரிப் பெட்டியோடு நின்றே தங்கையைப் படிக்க வைத்தாள், தங்கை வேலைக்குப் போன பிறகும் அந்தக் கடையிலேயே நின்றாள். தங்கை கல்யாணம் வேண்டாம் என்றுவிட்டாள். இரண்டு தெரு தள்ளி ஒற்றை அறை வீடு. ஆனால் சாப்பாடு, சண்டை, தொலைக்காட்சி, காய்ச்சல் எல்லாம் அக்கா வீட்டில்தான். மாமாவுக்கு, அதாவது அக்கா புருஷனுக்கு, லிப்ட் பழுது பார்க்கிற வேலை. ஒரே பெண், பத்து வயது. அது அம்மாவிடம் திட்டு வாங்கிக்கொண்டு சித்தி முதுகுக்குப் பின்னால் ஒளிகிற ஜாதி.

போன வருடம் அக்கா கடையில் ஈரத்தரையில் வழுக்கி விழுந்தாள். விலா எலும்பு முறிந்திருக்குமோ என்று மருத்துவமனையில் மார்பை ஸ்கேன் எடுத்தார்கள். எலும்புக்கு ஒன்றுமில்லை. ஆனால் அறிக்கையின் கடைசியில் ஒரு வரி கூடுதலாக இருந்தது. வலது நுரையீரலில் சிறு புள்ளி, மூன்று மாதம் கழித்து மறுபடி எடுத்துப் பார்க்கவும்.

மாமாவிடம் காட்டினால் அன்றைக்கே நாலு டாக்டரிடம் இழுத்துக்கொண்டு ஓடுவார். அக்காவுக்கோ அந்த ஸ்கேன் குழாய்க்குள் மறுபடி போய்ப் படுப்பதை நினைத்தாலே நெஞ்சு அடைத்தது. அதனால் ஒரு மத்தியானம், மருத்துவமனையில் கொடுத்த குறுந்தகட்டைப் பைக்குள் மறைத்துக்கொண்டு தங்கையின் அலுவலகத்துக்கு வந்தாள்.

"நீ படம் பாக்குறவதானே. இதைக் கொஞ்சம் பாருடி."

"அக்கா, நான் பாக்குறது வானத்தை."

"வானத்துல இருக்கிற புள்ளியே தெரியுது, இது தெரியாதா?"

தங்கை சிரித்துக்கொண்டே போட்டுப் பார்த்தாள். உயர்ந்த ரகத் திரை, பழகிய கண். படங்களை ஒவ்வொன்றாகத் தள்ளினாள். அறுபத்தொன்றாவது படத்தில் புள்ளி இருந்தது. அறுபதில் இல்லை, அறுபத்திரண்டில் இல்லை. முன்னும் பின்னும் இரண்டு மூன்று தடவை தள்ளிப் பார்த்தாள். ஒன்றில் மட்டும்தான்.

"ஒண்ணுமில்லக்கா, தூசி. மிஷின்ல விழுற புள்ளி. நிஜமா இருந்தா அடுத்த படத்துலயும் இருக்கணும், இல்ல பாரு. இந்த மாதிரி நான் ஒரு நாளைக்கு நூறு துடைக்கிறேன்."

"நல்லாத் தெரியுமா?"

"பதினேழு வருஷமா இதே வேலைதானேக்கா."

தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போயிற்று என்று அக்கா அப்படியே நாற்காலியில் சாய்ந்து பெருமூச்சு விட்டாள். இருவரும் வெளியே போய் டீ குடித்தார்கள். அறிக்கை அலமாரிக்குள் விரித்திருந்த காகிதத்துக்கு அடியில் போயிற்று. மூன்று மாதம் வந்தது, போயிற்று.

ஆயிரம் பேரைக் கொன்றவன் அரை வைத்தியன் என்பார்கள். இவளுக்கு அந்த ஆயிரமும் ஒரே ஆளாக வாய்த்தது.

பதினோராவது மாதம் அக்காவுக்கு இருமல் நிற்கவில்லை. முதுகில் வலி, படியேறினால் மூச்சு வாங்கியது. இந்தத் தடவை மாமா கூட்டிக்கொண்டு போனார், இவளும் போனாள். டாக்டர் இவளைவிட வயதில் சின்னவள். புதுப் படத்தையும் பழைய படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் பார்த்தாள்.

"போன வருஷமே மறுபடி வரச் சொல்லி எழுதியிருக்காங்களே, ஏன் வரல?"

அக்கா தங்கையைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "வேலை டாக்டர். மறந்துட்டேன்."

"அப்பவே வந்திருந்தா வெட்டி எடுத்திருக்கலாம்மா. இதோ, தெளிவா இருக்கு பாருங்க." திரையில் அறுபத்தொன்றாவது படம்.

இவளால் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்க முடியவில்லை. "ஆனா டாக்டர், அடுத்த படத்துல இல்லையே?"

"அடுத்த படம் அடுத்த இடம்மா. ரொட்டியைத் துண்டு போடுற மாதிரி உடம்பைத் துண்டு துண்டா எடுத்திருக்கோம். ஒரு துண்டுல இருக்கிற திராட்சை அடுத்த துண்டுலயும் இருக்கணும்னு என்ன இருக்கு? சின்னதா இருந்தா ஒண்ணுலதான் இருக்கும்."

வேறு யாருக்காவது இது புரிய ஐந்து நிமிடம் ஆகியிருக்கும். அவளுக்கு அரை நொடி ஆகவில்லை. அவள் வேலையில் நாலு படமும் ஒரே இடம். இங்கே ஒவ்வொன்றும் வேறு இடம். இத்தனை வருடம் ஊருக்கே படம் பார்க்கச் சொல்லிக் கொடுத்தவளுக்கு, இது என்ன வகைப் படம் என்று ஒரு வார்த்தை கேட்கத் தோன்றவில்லை. கழிவறைக்குப் போய் வாந்தி எடுத்துவிட்டு, முகம் கழுவி, திரும்பி வந்து அக்காவின் கைப்பையை வாங்கிக்கொண்டாள்.

மருந்தால் நாளைக் கொஞ்சம் தள்ளிப் போடலாம், அவ்வளவுதான் என்றார்கள்.

மாமா கெட்டவர் இல்லை. ஆனால் தவணை தவறாமல் சோதனை செய்வதே தொழிலாக உள்ள மனிதர். அவருக்கு இது ஆறவே இல்லை. தினமும் அக்காவுக்கு மருந்தைக் கரைத்துக் கொடுத்தபடியே திட்டுவார்.

"லிப்டுக்குக்கூட மூணு மாசத்துக்கு ஒரு தடவை பாக்கணும்னு எழுதி ஒட்டியிருக்கு. ஒரு நாள் தவறினா என் சீட்டைக் கிழிச்சிடுவாங்க. உனக்கு எழுதியே குடுத்திருக்கான், மறந்துட்டேங்கிற. கடைக்கு வர்றவனோட சட்டை சுருக்கம் மறக்கல, பொண்ணோட பள்ளிக்கூடம் மறக்கல, இது மட்டும் மறந்துடுச்சா?" திட்டும்போதே கண்ணீர் வழியும். துடைத்துக்கொண்டு மறுபடி திட்டுவார்.

அக்கா தலையைக் குனிந்துகொண்டு, "ஆமா, என் புத்தியைச் செருப்பால அடிக்கணும்" என்பாள். தங்கை பக்கத்திலேயே உட்கார்ந்து மாத்திரைகளை வேளைவாரியாகப் பிரித்துக்கொண்டிருப்பாள். ஒரு நாள் இல்லை, இரண்டு நாள் இல்லை, மூன்று மாதம். உயிரோடு தோலை உரிப்பது போலிருக்கும்.

ஒரு நாள் மாமா வேலைக்குப் போனதும் அக்காவின் காலடியில் உட்கார்ந்தாள். "இன்னிக்குச் சொல்லிடறேன்க்கா. என்னால கேட்டுட்டு இருக்க முடியல."

"என்னத்தைச் சொல்லுவே?"

"நான்தான் தூசின்னு சொன்னேன்னு."

அக்காவுக்கு அப்படியொரு கோபம் வந்து இவள் பார்த்ததில்லை. இருமலுக்கு நடுவே மூச்சுத் திணறத் திணறச் சொன்னாள். "சொன்னா என் நோய் போயிடுமா? நான் திட்டு வாங்கிட்டுப் போயிடுவேன்டி. நீ இருக்கணும். பாப்பா வயசுக்கு வர்றதைப் பாக்க, அது அழுதா கூட உக்கார ஒரு பொம்பளை வேணும். அவர் உன்னை வாசல்ல நிறுத்திட்டா அதுக்கு யாருடி இருக்கா? அதுக்குச் சித்திதான் வேணும், உன் உண்மை வேணாம். என் தலைமேல அடிச்சுச் சத்தியம் பண்ணு."

இவள் சத்தியம் பண்ணவில்லை. ஆனால் சொல்லவும் இல்லை.

வேலையில்தான் முதலில் வெடித்தது. அந்த மாதம் வெளியிட வேண்டிய படம் பெரியது, நட்சத்திரங்கள் பிறந்துகொண்டிருக்கிற ஒரு மேகம். அவளால் ஒரு புள்ளியைக்கூடத் துடைக்க முடியவில்லை. சுட்டியைப் புள்ளிமேல் கொண்டுபோய் வைப்பாள், விரல் அழுத்தாது. நாலு படத்தையும் திறப்பாள், மூன்றில் இல்லைதான், சாத்திரம் தெளிவாகத்தான் இருந்தது. இருந்தாலும் அடுத்த புள்ளிக்குப் போய்விடுவாள். மூன்று நாள் இப்படிப் போனது. மேலதிகாரிக்குப் பத்து மணி என்று பட்டப்பெயர், எந்தப் படமும் காலை பத்து மணிக்கு வெளியே போயாக வேண்டும் என்பார். அவர் வந்து திரையைப் பார்த்தார்.

"என்னம்மா இது, வானமா, அம்மை போட்ட முகமா?"

"எது பொய்னு எனக்குத் தெரியல சார்."

"பதினெட்டு வருஷமா தெரிஞ்சுதே!"

"தெரிஞ்சுதுன்னு நினைச்சிட்டிருந்தேன் சார்."

வீட்டு நிலைமை அவருக்கும் அரைகுறையாகத் தெரியும். வேறு ஆளை வைத்துத் துடைத்துக்கொண்டார். "சனிக்கிழமை பேச மட்டும் வந்துடு. நீ இல்லன்னா கூட்டம் கோவிச்சுக்கும்" என்றார்.

போனாள். படம் திரையில் விரிந்ததும் கூடம் 'ஆ' என்றது. நன்றாகத்தான் பேசினாள், சிரிக்கவும் வைத்தாள். கேள்வி நேரத்தில் மூன்றாவது வரிசையில் ஒரு அம்மாள் எழுந்தார். "தூசின்னு நினைச்சு நிஜ நட்சத்திரத்தையே துடைச்சிட்டீங்கன்னா?"

இதற்கு அவளிடம் எப்போதும் தயாராக ஒரு பதில் உண்டு. மேலேயிருந்து வந்த மூலப்படம் பத்திரமாக இருக்கிறது, யார் வேண்டுமானாலும் எடுத்துத் திரும்பப் பார்க்கலாம், துடைத்ததால் ஒன்றும் போய்விடாது. "ஒண்ணும் போயிடாதும்மா" என்று தொடங்கினாள். அடுத்த வார்த்தை வரவில்லை. கடைசி வரிசையில், லிப்ட் நிறுவனத்தின் பெயர் தைத்த நீலச் சட்டையோடு மாமா உட்கார்ந்திருந்தார். அவர் இந்தக் கூடத்துக்குள் காலெடுத்து வைத்ததே இல்லை. பத்து மணி ஓடி வந்து ஒலிவாங்கியை வாங்கிக்கொண்டார்.

கூட்டம் கலைந்து, நாற்காலிகளை மடித்துவிட்டு எல்லோரும் போன பிறகும் மாமா உட்கார்ந்தே இருந்தார். பைக்குள்ளிருந்து குறுந்தகட்டை எடுத்து நீட்டினார்.

"போன வருஷத்து சி.டி. இதைப் போட்டுக் காட்டும்மா."

"எதுக்கு மாமா?"

"அன்னிக்கு நீ டாக்டர்கிட்ட ஏதோ கேட்டியே, அடுத்த படத்துல இல்லையேன்னு. எனக்கு இதெல்லாம் புரியாது. ஒண்ணே ஒண்ணு சொல்லு. பாத்தா பயப்படுற மாதிரி இருக்கா, இல்ல யாரா இருந்தாலும் விட்டிருப்பாங்களா? விட்டிருப்பாங்கன்னு நீ சொன்னா எனக்குப் போதும். சாகப்போறவளைப் போட்டுத் தினமும் திட்டுறேன். நிறுத்தணும்னுதான் பாக்குறேன், வாய் நிக்க மாட்டேங்குது. நான் மனுஷனா சொல்லு."

கொஞ்ச நேரத்துக்கு முன் நட்சத்திரங்கள் நின்ற திரையில் அக்காவின் நுரையீரல் சுவரளவுக்கு வந்து நின்றது. அறுபத்தொன்றாவது படத்தில் அந்தப் புள்ளி பிள்ளையின் உள்ளங்கை அளவு இருந்தது. யாரா இருந்தாலும் விட்டிருப்பாங்க மாமா, அவ்வளவுதான் சொல்ல வேண்டும். அவர் மனம் ஆறிவிடும், அக்காவுக்கு ஏச்சு நிற்கும், பாப்பாவுக்குச் சித்தி இருப்பாள். நாக்கு நுனிவரை வந்தது. நாளை இந்த மனிதர் யாரிடமாவது இதைச் சொல்வார், கேட்டவர் தனக்கு டாக்டர் எழுதிக் கொடுத்த தவணையைத் தூக்கி உள்ளே போடுவார் என்று தோன்றியதா, அல்லது இன்னொரு தடவை அந்தப் புள்ளியை ஒன்றுமில்லை என்று சொல்ல உடம்பில் தெம்பு இல்லையா, அது அவளுக்கே தெரியாது.

"விட்டிருக்க மாட்டாங்க மாமா. அக்காவும் மறக்கல. என்கிட்டதான் கொண்டு வந்தா. நான்தான் பாத்துட்டுத் தூசின்னு சொன்னேன். நீ சும்மா இருன்னு அவளை அனுப்பினதே நான்தான்."

மாமா திரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அதை எடு. அங்கேருந்து எடு முதல்ல."

எடுத்தாள். திரை வெறுமையாயிற்று.

"மூணு மாசமா அவளைத் திட்டினேன்" என்றார் மாமா. "நீ பக்கத்துல உக்காந்து மாத்திரை எண்ணிட்டு இருந்தே."

தெரியாமல் செய்த தப்பை மனிதன் மன்னித்தாலும் மன்னிப்பான். தெரிந்து வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்ததை எப்படி மன்னிப்பான்? குறுந்தகட்டைக் கையில் வாங்கிக்கொண்டு, "இனிமே என் வீட்டு வாசப்படி மிதிக்காதே" என்று சொல்லிவிட்டுப் போனார்.

நாலு நாள் அக்காவிடமிருந்து போன் இல்லை. இவள் அந்தத் தெருமுனை வரை போய் நின்று, ஜன்னலைப் பார்த்துவிட்டுத் திரும்பினாள். ஐந்தாம் நாள் மத்தியானம், மாமா மருந்து வாங்கப் போன நேரம் பார்த்து அக்கா கூப்பிட்டாள்.

"பாவி, சொல்லாதேன்னு சொன்னேனேடி."

"முடியலக்கா."

"முடியாதுன்னு தெரியும். சின்ன வயசுலயே நீ ஒண்ணைத் திருடினா ராத்திரிக்குள்ள ஒப்பிச்சிடுவே." இருமினாள். மூச்சு திரும்பி வர நேரமாயிற்று. "இப்ப அவர் என்னைத் திட்டுறதே இல்லடி. நேத்துக் கீழே உக்காந்து, என் காலைத் தூக்கி மடியில வச்சு நகம் வெட்டி விட்டார். என்னால குனிய முடியல இல்ல, அதான். வெட்டிக்கிட்டே, மன்னிச்சுக்கோன்னு சொன்னார். இந்த மனுஷன் வாயிலருந்து அந்த வார்த்தையை நான் கேப்பேன்னு நினைச்சியா நீ?"

"இல்லக்கா." இவள் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள்.

"எனக்கு நிம்மதியா இருக்கு, பொய் சொல்லல. ஆனா உன் பேரை எடுத்தா எழுந்து போயிடுறார். பாப்பாவையும் உன்கூடப் பேசக் கூடாதுன்னுட்டார். அது ராத்திரியெல்லாம் சித்தி எங்கேன்னு கேட்டு அழுதுட்டுத் தூங்குது."

"நீ அலட்டிக்காதக்கா. பரவாயில்ல."

"உனக்குப் பரவாயில்ல. எனக்கு?" அக்காவின் குரல் உடைந்தது. "இன்னும் எத்தனை நாள்னு டாக்டர் சொல்லிட்டாங்கடி. அதுக்குள்ள உன் முகத்தை நான் எப்படிப் பாப்பேன்?"

வர்றேன்க்கா, என்ன ஆனாலும் வர்றேன் என்று இவள் சொல்லி முடிப்பதற்குள், வாசலில் மாமாவின் வண்டிச் சத்தம் கேட்டு அக்கா போனை வைத்துவிட்டாள்.